சின்ன வெங்காயம்: பட்டறை போடலாமா, ஈரக்காயாகவே விற்றுவிடலாமா?

ஆலத்தூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல், ஒரு கிணறு. வைகாசியில் இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் வைத்தோம், மீதி மக்காச்சோளம். காய் நல்ல திரட்சியாக வந்திருக்கிறது, கோழிக்கால் நோய் ஒரு மூலையோடு நின்றுவிட்டது. அடுத்த வாரம் பிடுங்க ஆள் சொல்லியாயிற்று. இப்போது வீட்டில் ஒரே பேச்சு, பட்டறை போட்டு (காற்றுப் போகும்படி அடுக்கிச் சேமித்து) விலைக்குக் காத்திருப்பதா, அப்படியே மண்டிக்கு ஏற்றுவதா என்று.

அப்பா பட்டறைதான் என்கிறார். அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆடிக் கடைசியில் பிடுங்கி, காயவைத்து, தாள் அறுத்துப் பட்டறையில் ஏற்றினால் ஐப்பசி நடவுக்கு விதைக்காய் தேடி ஆட்கள் வீடு தேடி வருவார்கள், ஈரக்காயை யாரும் விதைக்கு வாங்க மாட்டார்கள், இரண்டு மாதமாவது உறங்கிய காய்தான் ஒரே சீராக முளைக்கும். முப்பது வருடமாக அவர் இப்படித்தான் செய்கிறார். என் அக்கா கல்யாணச் செலவில் பாதி ஒரு பட்டறையில் இருந்து வந்தது.

ஆனால் போன வருடம் அதே கணக்கில் வைத்து அடி வாங்கினோம். ஐப்பசியில் பிரித்தபோது கீழ் அடுக்கு அழுகல், மேலே முளைப்பு, நூறு மூட்டை ஏற்றியதில் அறுபத்தெட்டுதான் தேறியது. விலையும் பிடுங்கிய அன்று கேட்டதைவிடக் கிலோவுக்கு நாலு ரூபாய்தான் கூட. அந்த மூன்று மாதமும் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மண்டியில் கேட்டால் கர்நாடகா காய் வந்து கொட்டுகிறது என்கிறார்கள், ஏற்றுமதி சரியில்லை என்கிறார்கள், எல்லோரும் வெங்காயம் வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். இதில் எது நிஜம்? இது ஒரு வருடக் கோளாறா, இல்லை நிலவரமே மாறிவிட்டதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செட்டிகுளம் பட்டறை எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொல்வது தப்பே இல்லை, அவர் சொல்கிற காலத்தில் அது அப்படித்தான் இருந்தது. நம் பக்கத்துக்கு இரண்டு பட்டம், வைகாசியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. ஆவணிக்குள் எடுத்த காய் ஐப்பசிக்கு விதை, தையில் எடுத்த காய் வைகாசிக்கு விதை. நடுவில் வரத்து வற்றும், அந்த வற்றலில்தான் பட்டறைக்கு விலை. ஏக்கருக்கு ஐந்நூறு, அறுநூறு கிலோ விதைக்காய் வேண்டும் இல்லையா, சாப்பாட்டுக்கு வாங்குகிறவன் விலை ஏறினால் குறைத்துக்கொள்வான், நடுகிறவனால் குறைக்க முடியாது. அதனால்தான் அந்த மாதம் விலை நிமிரும்.

இப்போது அந்த வற்றல் காலம் சுருங்கிவிட்டது. விதைக்காய் இல்லாமல் அரிசி விதையில் (வெங்காயப் பூவில் பிடிக்கிற சின்ன விதை) நாற்று விட்டு நடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விட்ட கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும், ஏக்கருக்கு ஒரு கிலோ சொச்சம் விதை போதும். விதைக்காய்க்கு முப்பதாயிரம் கொடுக்கிற இடத்தில் விதைக்கு அதில் ஒரு பங்குதான் ஆகும் என்றால் யார்தான் மாறமாட்டார்கள்? வயது மட்டும் கொஞ்சம் நீளம், தொண்ணூறு நாள் ஆகும். ஆக உங்கள் அப்பாவின் வாடிக்கைக்காரர்களில் ஒரு பகுதி விதைக்கடைக்குப் போய்விட்டது. இது திரும்பி வரப்போவதில்லை.

அழுகலைப் பற்றி ஒன்று. பிடுங்கியபோது மழை தூறியதா? தூறியிருந்தால் அந்தக் காயைப் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. நான் தாளை ஒட்ட அறுக்கவிட மாட்டேன், கழுத்தில் இரண்டு விரல் விட்டுத்தான் அறுக்கச் சொல்வேன், அறுக்கிற பெண்களுக்கு மூட்டைக் கூலி என்பதால் வேகத்தில் ஒட்ட அறுத்துவிடுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கழுத்து திறந்த காயில்தான் அழுகல் இறங்கும். கழுத்தை விரலால் நசுக்கிப் பாருங்கள், ஈரம் பிசுபிசுத்தால் இன்னும் மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும், சருகு மாதிரி நொறுங்கினால் ஏற்றலாம். பட்டறை அடியில் கல் அடுக்கி மூங்கில் பரப்புகிறோம் அல்லவா, அந்தச் சந்தில் கை நுழைந்து காற்று உணரவேண்டும். போன வருடம் உங்கள் பட்டறையின் கீழ் அடுக்கு மட்டும் போனதென்றால் அடியில் காற்று இல்லை. அகலத்தையும் குறையுங்கள், நான் நாலடிக்கு மேல் போடுவதில்லை.

நூறுக்கு அறுபத்தெட்டு என்பது மோசம்தான், ஆனால் நன்றாகப் போட்ட பட்டறையிலும் மூன்று மாதத்தில் எடைக் குறைவு, கழிவு எல்லாம் சேர்த்து இருபது போகும். அதைக் கணக்கில் வைத்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு 30 ரூபாய்க்குப் போகிற காய் ஐப்பசியில் 38க்குப் போனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் நிற்காது, வட்டிக்கும் தட்டிக்கும் போய்விடும்.


பேட்டை வியாபாரி எழுதியது:

நான் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள்தான் எங்களுக்குச் சந்தை, அந்த மூன்று நாள் காலையில் லாரிகளின் நம்பர் பலகையைப் பார்த்தாலே தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் நம் மாவட்டத்து வண்டி, திருப்பூர், தேனி, பெரம்பலூர் வண்டி. இப்போது ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை கர்நாடகாவின் கேஏ வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, மைசூர்ப் பக்கம் மழையை நம்பி வைத்து நம் வைகாசிப் பட்டத்தோடு சேர்ந்தே எடுக்கிறார்கள். காய் பளிச்சென்று சிவப்பாக இருக்கும், ஈரம் கூடுதல், வைத்திருந்தால் தாங்காது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்தக் காய்தான் ஆவணி விலையை முடிவு செய்கிறது.

அதனால் ஆவணியில் விலை அடிமட்டத்தில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, கர்நாடகா காய் ஓய்ந்ததும் பழைய காய்க்குத் தனி விலை உண்டு. இலங்கைக்கும் மலேசியா, சிங்கப்பூர், துபாய்க்கும் அனுப்புகிறவர்கள் காய்ந்த, தோல் ஒட்டிய, ஒரே அளவுக் காயைத்தான் எடுப்பார்கள், ஈரக்காய் பெட்டிக்குள் வியர்த்துவிடும். கேரளாவுக்கு ஓணத்துக்கு முன்னால் பத்து நாள் நல்ல ஓட்டம் இருக்கும், அதைத் தவற விடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தை விவசாயிகள் கவனிப்பதே இல்லை, பெல்லாரிக்கும் (பெரிய வெங்காயம்) சின்னதுக்கும் உள்ள விலை இடைவெளி. சின்னது பெல்லாரியைப் போல இரண்டு மடங்கு விலையில் இருக்கும் வரை ஓட்டல்காரர்கள் முனகிக்கொண்டே சாம்பாருக்கு வாங்குவார்கள். மூன்று மடங்கு தாண்டிவிட்டால் சாம்பாரிலும் பெல்லாரியை நறுக்கிப் போட்டுவிடுவார்கள், எங்கள் கடையில் பத்து மூட்டை எடுப்பவர் மூன்று மூட்டை எடுப்பார். ஆக நாசிக்கில் பெல்லாரி மலிந்தால் நம் காய் விலையும் ஏறாதபடி தலைக்கு மேல் ஒரு கூரை போட்ட மாதிரிதான். அங்குள்ள பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கான் விலையைத் தினமும் போனில் பார்க்கலாம், பாருங்கள்.

எல்லோரும் வைத்துவிட்டார்களா என்று கேட்டீர்கள். இதற்கு ஒரு சுழற்சி இருக்கிறது. 2023 ஜூலையில் சில்லறை விலை 150ஐத் தாண்டியது ஞாபகம் இருக்கும், அதற்கு முந்தைய பட்டங்களில் விலை இல்லாமல் பலர் வெங்காயத்தை விட்டுச் சோளத்துக்குப் போனதன் விளைவு அது. அந்த விலையைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். விலை பார்த்து வைக்கிற வருடம் எப்போதும் வரத்து கூடும்.


குடிமங்கலம் தோட்டம் எழுதியது:

வியாபாரி அண்ணன் எல்லாம் சரியாகச் சொன்னார், ஆனால் அரசாங்கம் கதவைப் பூட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எங்கள் உடுமலைப் பக்கம் பட்டறை போட்டவர்களைக் கேளுங்கள்.

2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை, 2020 மார்ச்சில் எடுத்தார்கள், அதே 2020 செப்டம்பரில் மறுபடி தடை, 2021 ஜனவரியில் எடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, அக்டோபரில் டன்னுக்கு 800 டாலருக்குக் கீழே அனுப்பக்கூடாது என்று ஒரு கட்டு, டிசம்பர் 8ஆம் தேதி முழுத் தடை. 2024 மே மாதம் தடை போனது, 40 சதவீத வரி இருந்தது, செப்டம்பரில் அது 20 ஆனது, 2025 ஏப்ரல் 1ஆம் தேதிதான் முழுதாகப் போனது. ஆறு வருடத்தில் இத்தனை முறை. இதில் ஒன்றாவது சின்ன வெங்காயத்துக்காகச் செய்ததா? வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறுகிறது என்று பூட்டுகிறார்கள், அந்தப் பூட்டில் நம் காயும் மாட்டிக்கொள்கிறது. டெல்லியில் எந்த வீட்டில் சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள்?

பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு 2020 தடையின்போதே 10,000 டன் அனுப்ப அனுமதி கொடுத்தார்கள், 2023 செப்டம்பரில் அந்த 40 சதவீத வரியிலிருந்தும் விலக்கு கொடுத்தார்கள். உள்ளூரில் சாப்பிடாத காய், ஏற்றுமதியை நம்பியே வளர்ப்பது என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம், அந்த விவசாயிக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சின்ன வெங்காயத்தையும் அதே மாதிரி ஏற்றுமதிப் பட்டியலில் தனிக் குறியீட்டில் பிரித்து வையுங்கள் என்று நாம் எத்தனை வருடமாகக் கேட்கிறோம்?

2023 டிசம்பரில் என் பட்டறையில் நூற்றிருபது மூட்டை இருந்தது. ஏற்றுமதிக்கு எடுப்பவர் ஒருவர் வந்து காயை உடைத்துப் பார்த்து விலை பேசி, திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்துவிட்டது. வண்டி வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் துறைமுகத்தில் பெட்டி நின்றுபோனது. அந்தக் காயைத் தை மாதம் முளையோடு விற்றேன், எவ்வளவுக்கு என்று சொல்ல மனசு வரவில்லை.

தம்பி, பட்டறை போடுங்கள், ஆனால் ஏற்றுமதியை நம்பிப் போடாதீர்கள். பெரிய வெங்காயம் சில்லறையில் 60ஐத் தொட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் பட்டறையைப் பிரித்துவிடுங்கள், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.


நீர்வேலிச் செம்மண் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கதவு திறந்தால் எங்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும் போல் இருந்தது, குறையாக எடுக்க வேண்டாம்.

நாங்களும் சின்ன வெங்காயம் செய்கிறவர்கள்தான், நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண்ணில் கிணற்று இறைப்பில் செய்கிறோம். என்னிடம் எட்டுப் பரப்புத்தான் (அரை ஏக்கர்) இருக்கிறது. பெரிய வெங்காயத்தை நாங்கள் பம்பாய் வெங்காயம் என்போம், அது தம்புள்ளை வழியாக வரும். சின்னதில் எங்கள் அறுவடையும் உங்கள் தூத்துக்குடிக் கப்பலும் ஒரே கிழமையில் (வாரத்தில்) வந்து சேர்ந்தால் சந்தையில் அந்தர் (சுமார் 50 கிலோ) விலை பாதிக்கு வந்துவிடும். அதனால் எங்கள் அறுவடை நேரம் அரசாங்கம் இறக்குமதிக்கான விசேட பண்ட வரியைக் கூட்டும், பிறகு குறைக்கும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அது, வர்த்தமானி (அரசிதழ்) வந்தால் அன்று நள்ளிரவிலேயே மாறிவிடும். குடிமங்கலத்து அண்ணை டெல்லி அறிவிப்பைச் சொன்னார், உங்கள் ஏற்றுமதிக்காரருக்குக் கொழும்பிலும் ஒரு அறிவிப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

2021இல் இங்கே இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், அந்தப் போகம் என் வெங்காயம் விரல் நகத்தளவில் நின்றது. அடுத்த வருடம் டொலர் இல்லாமல் இறக்குமதியும் தடுமாறியது, கையில் காய் இருந்த ஓரிருவருக்கு நல்ல விலை கிடைத்தது, எனக்கு விதைக்கே காய் இருக்கவில்லை. இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறோம். நீங்கள் ஆவணியில் கூடுதலாக அனுப்பினால் எங்களுக்கு அடி, எங்கள் சந்தையில் காய் இல்லாத மாதங்களில் அனுப்பினால் இரண்டு பக்கமும் பிழைக்கலாம். உங்கள் மண்டிக்காரர்கள் எங்கள் அறுவடை மாதங்களைக் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.


பேட்டை வியாபாரி எழுதியது:

நீர்வேலி அண்ணன் சொன்னது உண்மை, கொழும்பில் வரி ஏறிய செய்தி வந்த அன்று எங்கள் பேட்டையில் காலை பத்து மணிக்கே கிலோவுக்கு ஐந்து ரூபாய் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான், இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆலத்தூர்த் தம்பிக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவராதீர்கள். பொடியும் பெருசும் கலந்து வந்தால் பொடிக்குள்ள விலைதான் மொத்தத்துக்கும் விழும்.


ஆலத்தூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி செட்டிகுளம் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி விதை விஷயத்துக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், போன வருடம் விதைக்காய்க்கு வழக்கமாக வருகிற நாலு பேர் வரவே இல்லை, ஏதோ கோபம் என்று நினைத்தேன் என்றார். அவர்கள் நாற்றுக்கு மாறியிருப்பார்கள் என்று இப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

பேசி முடிவு செய்தது இதுதான். பொடியையும் ஈரம் கூடுதலாக உள்ள காயையும் பிரித்து ஓணத்துக்கு முன்னால் மண்டிக்கு ஏற்றிக் கடனை அடைக்கிறோம். நடுத்தரக் காயில் நாற்பது மூட்டை மட்டும் பட்டறை, நாலடி அகலம், அடியில் கல்லை இன்னொரு வரிசை உயர்த்தி. அதில் பன்னிரண்டு மூட்டை எங்கள் சொந்த நடவுக்கே வேண்டும், ஆகவே விற்க இருப்பது இருபது சொச்சம்தான்.

செட்டிகுளம் அண்ணா, ஒரு சந்தேகம் மட்டும். சுற்றுத் தட்டிக்குத் தென்னங்கீற்றுக்குப் பதிலாக மக்காச்சோளத் தட்டை வைக்கலாமா? கீற்று இங்கே கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.


செட்டிகுளம் பட்டறை எழுதியது:

சோளத் தட்டை வேண்டாம் தம்பி, மழையில் ஊறினால் காயாது, பூசணம் பிடிக்கும். கீற்று என்னிடம் ஐம்பது சும்மா கிடக்கிறது, சைக்கிளில் வந்தாலும் எடுத்துப் போகலாம். வியாழக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.