பொருள்: காதில் பூஞ்சைத் தொற்று, சொட்டு மருந்து – துண்டறிக்கைக்குச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மருத்துவமனைத் துண்டறிக்கை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓட்டோமைக்கோசிஸ் (காதில் வரும் பூஞ்சைத் தொற்று), டாபிக்கல் ஆன்டிஃபங்கல் (தொற்று உள்ள இடத்திலேயே போடும் பூஞ்சை மருந்து) இரண்டுக்கும் சொல் தேவை. 'செவிப்பூஞ்சை', 'மேற்பூச்சுப் பூஞ்சைக்கொல்லி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

காது மூக்கு தொண்டை டாக்டர்:
மேற்பூச்சு சரிவராது. இது க்ளோட்ரிமசோல் 1% சொட்டு, பூசுவதில்லை, விடுவது. பூஞ்சைக்கொல்லி அதைவிட மோசம். கம்பம் பக்கத்தில் அது திராட்சைக்கு அடிக்கிற மருந்து. காதில் விடச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவார். 'கருப்பு' என்ற சொல்லும் வேண்டாம். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை பிடித்த காதில் நனைந்த செய்தித்தாள் மாதிரி படலமும் கரும்புள்ளிகளும் தெரியும். 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை வேறு பூஞ்சை, ஆனால் பெயரைக் கேட்டதுமே நோயாளிக்குக் கண்ணில் நீர் முட்டிவிடுகிறது.

புலவர்:
'கொல்லி'யை இவ்வளவு எளிதில் தள்ளலாமா? கொல்லிப்பாவை சங்கப் பாடல்களில் வரும் கொல்லிமலைப் பேரழகி. நிற்க. 'பூஞ்சை' என்றால் வலுவற்றது என்றும் பொருள். பூஞ்சை உடம்பு என்கிறோமே. செவிப்பூஞ்சை என்றால் காது மந்தம் என்று படிப்பார்கள். பழஞ்சோற்றில் பூசணம் 'பூக்கிறது'. ஆகவே 'பூ'தான் வேர் என்பது என் துணிபு. செவிப்பூசணம் என்க.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கொல்லிப்பாவையைக் காதில் விட முடியாது. வெள்ளிக்கிழமை அச்சு.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:
எங்கள் பாடநூல்களில் பங்கசுதான். பூஞ்சணம் பாணில், அதாவது ரொட்டியில், பிடிப்பது. பங்கசு எதிர்ப்பு மருந்து என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

புலவர்:
அது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் எழுத்தில் சட்டை போட்டது, அம்மா.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:
ஆங்கிலத்துக்கும் அது இலத்தீன் கடன்தானே, ஐயா. அவர்கள் சட்டை மாற்றவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர்:
ஆஸ்பெர்ஜில்லஸ் கதை தெரியுமா? 1729-இல் இத்தாலியரான மிக்கேலி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவி அவர் நினைவுக்கு வந்ததாம். அந்தக் கருவியின் பெயரையே வைத்துவிட்டார்.

புலவர்:
அப்படியானால் 'தெளிப்பிப் பூஞ்சணம்'!

மொழிபெயர்ப்பாளர்:
யாரும் கேட்கவில்லையே ஐயா.

சித்த மருத்துவர்:
டாபிக்கலுக்குச் சொல் தேடுவானேன்? சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32. பூச்சு, பற்று, ஒற்றடம், களிம்பு, மூக்கில் விடும் நசியம் எல்லாம் புறத்தில்தான் வரும். சொட்டும் புறமருந்தே.

பொறியாளர்:
காதுக்குள்ளே விடுவது எப்படிப் புறம்?

காது மூக்கு தொண்டை டாக்டர்:
நியாயமான கேள்வி. ஆனால் செவிப்பறை வரை உள்ள குழாய் முழுக்கத் தோல்தான். வெளிப்புறம் உள்ளே மடிந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மருந்து நடுச்செவிக்கே போய்விடும். அப்போது ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்து, ஸ்பிரிட் கலந்த சொட்டெல்லாம் கூடாது. துண்டறிக்கைக்கு முக்கியம் இதுதான். மேலே என்ன பெயர் போட்டாலும் எனக்குக் கவலையில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
எளிதில் போகாத தொற்றை 'ஸ்டபர்ன்' என்கிறார்களே, அதற்கு 'நாட்பட்ட' போடலாமா?

காது மூக்கு தொண்டை டாக்டர்:
வேண்டாம். 'திரும்பத் திரும்ப வரும்' என்று போடுங்கள். அரிப்பு நின்றதும் சொட்டை நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் படலத்தை உறிஞ்சி எடுக்காமலே மருந்தை விடுகிறார்கள். மருந்து தோலைத் தொடவே தொடாது. சீழ் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தேங்காய் எண்ணெய், பட்ஸ் இரண்டையும் தடித்த எழுத்தில் தடை செய்யுங்கள். குளிக்கும்போது தண்ணீர் போகக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, முடித்துக்கொள்கிறேன். தலைப்பு 'காதில் பூஞ்சைத் தொற்று'. மருந்து 'பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்து'. புறமருந்து துண்டறிக்கையில் இல்லை, கலைச்சொல் பட்டியலில் மட்டும்.

சித்த மருத்துவர்:
நோயாளி படிப்பது துண்டறிக்கையைத்தானே?

புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். 'எதிர்ப்புச் சொட்டு' என்று ஒற்று போட்டதற்கு மட்டும் நன்றி.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:
நாங்கள் பங்கசு என்றே எழுதுவோம். தேங்காய் எண்ணெய் எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.