நகரவும் சுழலவும் கூடிய ஜன்னல்: காற்றுக் கசிவை எப்படித் தடுப்பது?

சாளரன்:

வணக்கம். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் ஒன்றுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். திறப்பு 1800 × 1200 மி.மீ. இரண்டு டிராக் (நகரும் தடம்), இரண்டு ஷட்டர் (கண்ணாடிச் சட்டம்). ஷட்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 920 × 1140, தடிமன் 40. கண்ணாடி 5+12+5 இரட்டை (இரண்டு 5 மி.மீ. கண்ணாடி, நடுவே 12 மி.மீ. இடைவெளி). மாடியில் வரும் ஜன்னல் என்பதால் வெளிப்பக்கக் கண்ணாடியை அறைக்குள் நின்றபடியே துடைக்க முடிய வேண்டும். அதனால் ஷட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் மட்டும் போதாது, சுழலவும் வேண்டும்.

இப்போதைய அமைப்பு: ஷட்டரின் நடு உயரத்தில் இருபுறமும் பிவட் பின் (சுழல் அச்சு). சுழற்றினால் மேல்பாதி உள்ளே வரும், கீழ்பாதி வெளியே போகும். நாலு பக்கமும் 7 மி.மீ. பிரஷ் சீல் (காற்றைத் தடுக்கும் மயிரிழைப் பட்டை). ஒரே ஒரு ஷட்டர் வைத்துச் செய்த மாதிரியில் மூன்று குறைகள். பிவட் அருகே காற்று நேராக உள்ளே வருகிறது. காற்று வேகமெடுத்தால் கீழ் டிராக்கில் விசில் சத்தம். பிரஷை 9 மி.மீ. ஆக்கினால் ஷட்டர் நகர மறுக்கிறது.

பிரஷுக்குப் பதில் ரப்பர் கேஸ்கெட் (அமுங்கி அடைக்கும் பட்டை) போட்டால் சரியாகுமா? பிவட்டை எங்கே வைப்பது நல்லது?


நிலைச்சட்டம்:

சீலை மாற்றுவதற்கு முன்னால் பிவட்டைப் பாருங்கள். நடு உயர பிவட் இந்த ஜன்னலுக்கு ஒத்தே வராது. ஒற்றை ஷட்டரில் சோதித்ததால் அது தெரியவில்லை. இரண்டு ஷட்டரும் மூடியிருக்கும்போது நடுவில் அவை சந்திக்கும் விளிம்புகள் (இன்டர்லாக்) 30, 40 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். உள் ஷட்டரின் கீழ்பாதி வெளியே போக முயன்றால் வெளி ஷட்டரின் நெட்டுச் சட்டத்தில் இடிக்கும். எந்தப் பக்கம் தள்ளி வைத்தாலும் இந்த ஏற்றம் போகாது, ஏனென்றால் இரண்டு ஷட்டரின் அகலத்தையும் கூட்டினால் திறப்பைவிட அதிகம்.

பிவட் அருகே காற்று வருவதற்கும் காரணம் அந்த வடிவம்தான். மேல்பாதி உள்ளே வரவேண்டுமானால் அங்கே தடுப்புப் பட்டை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கீழ்பாதிக்கு அது உள்பக்கம் இருக்க வேண்டும். அதாவது சீல் கோடு அச்சு இருக்கும் இடத்தில் வெளிமுகத்திலிருந்து உள்முகத்துக்கு 40 மி.மீ. தாவுகிறது. அந்தத் தாவலை எந்த ரப்பராலும் ஒழுங்காக மூட முடியாது.

அடுத்தது பிரஷா, ரப்பரா என்பது. ஒவ்வொரு விளிம்பும் சீலை எந்தத் திசையில் தொடுகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஷட்டர் பக்கவாட்டில் வந்து ஜாம்பில் (ஃபிரேமின் பக்க நிலையில்) முட்டும் நெட்டு விளிம்பில் கேஸ்கெட் நேருக்கு நேர் அமுங்குகிறது. அங்கே ரப்பர் பிரமாதமாக வேலை செய்யும். மேல், கீழ் விளிம்புகளில் ஷட்டர் சீலின் நீளவாக்கிலேயே உரசிக்கொண்டு ஓடுகிறது. ரப்பர் அங்கே வழுக்காது, பிடித்து இழுக்கும், நாளடைவில் பள்ளத்திலிருந்து பிதுங்கி வெளியே வரும். அதனால்தான் ஸ்லைடிங்கில் பிரஷ் போடுகிறார்கள். ஆனால் பிரஷ் காற்றைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்த பிரஷ் கொஞ்சம் மேல்.

கணக்காகவே பார்ப்போம். ஐரோப்பிய ஈஎன் 12207 தரத்தில் மிக இறுக்கமான 4ஆம் வகுப்பு, 100 பாஸ்கல் அழுத்தத்தில் சதுர மீட்டருக்கு மணிக்கு 3 கன மீட்டர் கசிவை அனுமதிக்கிறது. உங்கள் ஜன்னலின் பரப்பு 2.16 ச.மீ., ஆக மொத்தம் சுமார் 6.5 கன மீட்டர். 100 பாஸ்கல் என்பது நொடிக்கு 13 மீட்டர் வேகக் காற்று நேராக வந்து மோதும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் 1 மி.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள ஒரு இடுக்கு வழியாக மட்டும் மணிக்கு 5.5 கன மீட்டர் போகும். மூலையில் 5 × 5 மி.மீ. ஓட்டை ஒன்றுக்கு 0.7. எட்டு மூலையிலும் அப்படி விட்டால் முழு அனுமதியில் பெரும்பகுதி அதிலேயே காலி. நீளமான பக்கங்களில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் முடிவைத் தீர்மானிப்பது மூலைகளும் சந்திப்புகளும்தான்.

எனவே என் பரிந்துரை: இரண்டு டிராக்கை விட்டுவிடுங்கள். ஒரே டிராக், ஒரே தளத்தில் இரண்டு ஷட்டர், ஒவ்வொன்றும் சுமார் 850 அகலம். இடது ஷட்டர் இருந்த இடத்திலேயே கதவு போல உள்ளே திரும்பும். அது 90 டிகிரி திரும்பி ஒதுங்கியதும் வலது ஷட்டர் இடதுபக்கம் நகர்ந்து வந்து அதுவும் உள்ளே திரும்பும். இரண்டு கண்ணாடியின் வெளிமுகமும் கைக்கு எட்டும். எல்லா சீலும் ஒரே தளத்தில் வரும்.

சுழல் அச்சு ஷட்டரின் நடுத் தடிமனில் வேண்டாம், அறைப்பக்க முகத்தில், விளிம்போடு ஒட்டி இருக்கட்டும். விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால், ஷட்டர் திரும்பும்போது அந்த 25 மி.மீ. பகுதி வெளிப்பக்கம் போய்க் கேஸ்கெட் தாங்கியில் இடிக்கும். விளிம்பில் வைத்தால் எந்தப் பகுதியும் வெளியே போகாது. எதிர் விளிம்பின் வெளி மூலைக்கு மட்டும் கூடுதல் இடம் தேவை: தடிமனின் வர்க்கத்தை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 1600 ÷ 1700, கிட்டத்தட்ட 1 மி.மீ. நடு இடைவெளியை 4 மி.மீ. வைத்தால் போதும்.

இனி மேல், கீழ் உரசல். ரோலருக்கு டிராக்கில் குறுக்குவாட்டில் 4 மி.மீ. ஆட்டம் கொடுங்கள். கேஸ்கெட் முழுவதும் ஃபிரேமின் வெளிப்பக்கத் தாங்கியில், ஒரே தளத்தில், எங்கேயும் வெட்டுப்படாமல் ஒரு வளையமாக ஓடட்டும். கைப்பிடியைத் திருப்பினால் பூட்டின் காளான் தலைப் பின்கள் ஷட்டரை 3 மி.மீ. வெளிப்பக்கம் இழுத்து நாலு பக்கமும் கேஸ்கெட்டை அமுக்க வேண்டும். கைப்பிடியைத் தளர்த்தினால் ரப்பரின் எதிர்விசையும் பூட்டுக் கொக்கியின் சரிவும் ஷட்டரை விலக்கிவிடும். நகரும் நேரத்தில் சீல் எதையும் தொடாது. ரோலர், பிவட், பூட்டு, ஷட்டர் திரும்பும்போது ரோலர் வெளியேற டிராக்கில் வெட்டும் பள்ளம் எல்லாமே அந்த வளையத்துக்கு அறைப்பக்கம். இந்த ஒன்றை மீறினால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.


தச்சுப்பட்டறை:

ஒரு மாற்று யோசனை சொல்லட்டுமா? அறைக்குள் 850 மி.மீ. நீட்டிக்கொண்டு வரும் ஷட்டர் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. மேலும் கீழுமாக நகரும் ஜன்னலில் இந்தச் சிக்கல் எப்பவோ தீர்ந்தாச்சு. கீழ் ஷட்டரின் அடியில் இரண்டு பக்கமும் பிவட் பார், அது ஷட்டரின் எடையைத் தாங்கும் பேலன்ஸ் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷூவுக்குள்ளே (ஜாம்பில் ஏறி இறங்கும் கட்டை) உட்காரும். மேலே இரண்டு தாழ். தாழை இழுத்து ஷட்டரை உள்பக்கம் சாய்த்தால், ஷூ தானே ஜாம்பைப் பிடித்துக்கொள்ளும். முதலில் கீழ் ஷட்டர், பிறகு மேல் ஷட்டரை இறக்கி அதையும் சாய்க்கலாம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. கீழ் விளிம்பிலிருந்து 30 மி.மீ. மேலே பிவட் இருந்து பாதித் தடிமன் 20 என்றால், சாயும்போது அடி மூலை 6 மி.மீ. கீழே இறங்கும். அதனால் 75லிருந்து 100 மி.மீ. தூக்கிவிட்டுத்தான் சாய்க்கணும், இல்லையென்றால் கீழ் சீல் கிழியும். இன்னொன்று, பூட்டாத ஷூவிலிருந்து பிவட் பார் நழுவினால் ஸ்பிரிங் அதை வேகமா மேலே இழுத்துவிடும். விரலை அங்கே வைக்கவே கூடாது.


நிலைச்சட்டம்:

செங்குத்து அமைப்பு நல்லதுதான், ஆனால் பக்க ஜாம்பில் மறுபடியும் உரசும் சீல்தான் வரும். 4ஆம் வகுப்பு இறுக்கம் எதிர்பார்த்தால் அது சிரமம். காற்று மிதமாக உள்ள இடமென்றால் தாராளமாகப் போகலாம்.


ரப்பர்பட்டை:

கேஸ்கெட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

3 மி.மீ. அமுக்கத்துக்கு உள்ளீடற்ற குமிழ் வடிவ ஈபிடிஎம் (வெயில் தாங்கும் செயற்கை ரப்பர்), 8 மி.மீ. உயரம் எடுங்கள். மூடினால் 5 ஆகும். ஷட்டர் 1 மி.மீ. முன்பின் இருந்தாலும் தொடர்பு விடாது. திட ரப்பர் வேண்டாம், பூட்டின் விசை முழுவதையும் அது தின்றுவிடும், அப்புறம் நெட்டுச் சட்டம் நடுவில் வளையும். பூட்டுப் புள்ளிகளுக்கு நடுவே 600 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். உங்கள் 1140 உயரத்துக்கு மூலையிலிருந்து 150ல் ஒன்று, நடுவில் ஒன்று, கீழே 150ல் ஒன்று. மேல், கீழ் குறுக்குச் சட்டத்திலும் நடுவில் ஒன்று. அதை விட்டுவிட்டால் அங்கேதான் முதலில் காற்று வரும்.

பொருத்தும்போது கேஸ்கெட்டை இழுத்துச் செருகுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இழுபட்ட ரப்பர் சில வாரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கும், மூலையில் இடைவெளி விடும். பள்ளத்தின் நீளத்தைவிட 1 சதவீதம் கூட வெட்டி, இரு முனையையும் முதலில் வைத்து, நடுவில் தள்ளித் தள்ளிச் செருகுங்கள். மூலைகள் வார்த்து ஒட்டியதாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் 45 டிகிரியில் வெட்டி ரப்பருக்கான பசை. வளையத்தின் இணைப்பு மேல் சட்டத்தின் நடுவில் வரட்டும், கீழ் மூலையில் வரவே கூடாது.

விசில் சத்தத்துக்கு வருவோம். பிரஷ் பொதுவாக விசிலடிக்காது. தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பாருங்கள். வெளி ஓட்டையும் உள் டிராக் ஓட்டையும் நேருக்கு நேர் இருந்தால் காற்று அந்த வழியாக சீலைச் சுற்றிக்கொண்டு வரும். இரண்டையும் குறைந்தது 100 மி.மீ. தள்ளி வையுங்கள், வெளியே நாக்கு வைத்த மூடி போடுங்கள். கீழ் டிராக்கின் உள் தடுப்பு உயரத்தையும் மறக்காதீர்கள். 100 பாஸ்கல் காற்று சுமார் 10 மி.மீ. தண்ணீரைத் தாங்கி நிறுத்தும், 300 பாஸ்கல் என்றால் 30. தடுப்பு அதைவிடக் குட்டையாக இருந்தால் மழையில் டிராக் நிரம்பி அறைக்குள் வழியும்.


சாளரன்:

ஒரே டிராக் அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன், மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். திரும்பிய ஷட்டரின் எடை முழுவதும் ஒரே பக்கம் தொங்குமே, தாங்குமா? அப்புறம், இரண்டு ஷட்டரும் சந்திக்கும் நடுக்கோட்டில் ஃபிரேம் கிடையாதே, அங்கே கேஸ்கெட் எதில் அமுங்கும்?


நிலைச்சட்டம்:

எடை: கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. மொத்தம் 10 மி.மீ. கண்ணாடி என்றால் 25 கிலோ. சட்டத்தோடு ஒரு ஷட்டர் ஏறத்தாழ 30 கிலோ வரும். எடை மையம் அச்சிலிருந்து 425 மி.மீ. தள்ளி இருக்கிறது. மேல், கீழ் பிவட்டுக்கு நடுவே 1100 உயரம் என்றால், இரண்டிலும் பக்கவாட்டு விசை தலா 11, 12 கிலோ. பெரிய சுமை இல்லை, ஆனால் மேல் பிவட்டை டிராக்கிலிருந்து பிடுங்கப் பார்க்கும் திசையில் அது வேலை செய்கிறது. எனவே மேலே வெறும் பின் போதாது, டிராக்கின் உதட்டுக்குள் கொக்கி போட்ட வண்டி வேண்டும். இரண்டு பிவட்டிலும் சேர்த்து 1 மி.மீ. தளர்வு இருந்தால் எதிர் முனை 0.8 மி.மீ. வரை தொங்கும். திரும்ப மூடும்போது அந்த முனையின் ரோலர் பள்ளத்தில் ஏற, பள்ளத்தின் வாயில் 3 மி.மீ. சரிவு வெட்டுங்கள். ஷட்டர் சுழலும் இடத்துக்கு வந்து நின்றால் மட்டுமே எதிர் முனை விடுபடும்படி ஒரு தடுப்பும் வையுங்கள். வழியில் எங்கேயும் அது கழன்றால் 30 கிலோ கண்ணாடி கையில்தான் விழும்.

நடுக்கோடு: வலது ஷட்டரின் நெட்டுச் சட்டத்தில் வெளிப்பக்கமாக 15 மி.மீ. உதடு நீட்டி, அதன் உள்முகத்தில் கேஸ்கெட் வையுங்கள். இடது ஷட்டர் உள்ளே திரும்பும்போது உதடு குறுக்கே வராது. மூடினால் இடது ஷட்டர் வெளிப்பக்கம் இழுபட்டு இந்த உதட்டில் அமுங்கும். பூட்டும் வரிசை முக்கியம்: வலது முதலில், இடது பிறகு. வலது ஷட்டர் இடது கோடிக்கு வரும்போது அங்கே 40 மி.மீ. தடிமனில் இடது ஷட்டர் திரும்பி நிற்கிறது, உதடும் ஜாம்பில் முட்டக் கூடாது என்பதால் அதன் சுழலும் இடம் 40 மி.மீ.க்கு மேல் தள்ளி அமையும், டிராக்கில் பள்ளத்தையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும்.

இந்த அமைப்பில் மிச்சமிருக்கும் பலவீனம், உதட்டின் மேல் முனையும் கீழ் முனையும் ஃபிரேமின் கேஸ்கெட்டைச் சந்திக்கும் இரண்டு இடங்கள். அங்கே உதடு தாங்கிக்கு முன்னால் நின்றுவிடும், ஒரு சின்ன சதுர ஓட்டை உண்டாகும். 30 × 30 மி.மீ. அளவில் மூடிய துளைகள் கொண்ட ஈபிடிஎம் ஸ்பாஞ்சு வெட்டி, மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி ஒட்டுங்கள். ஷட்டரில் ஒட்டினால் நகரும்போது உரசிப் பிய்ந்துவிடும், ஃபிரேமில் ஒட்டுங்கள். ஷட்டர் உரசும் முகத்தில் மட்டும் வழுக்கும் டேப் ஒரு துண்டு. எல்லாம் பொருத்திய பிறகு காகிதப் பட்டையை இடையில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே மாதிரி இறுகினால் சரி. அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு ஊதுபத்திப் புகையை முதலில் காட்ட வேண்டியதும் இந்த இரண்டு இடங்களில்தான்.