ஏற்காடு கொண்டை ஊசியில உள்சக்கரம் சுத்துது, எல்எஸ்டி போடணுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம்ங்க. 2020 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனி கணக்கு 110 குதிரை, 175 நியூட்டன் மீட்டர். போன வருஷம் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங் மாத்துறது), டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்), காயிலோவர் (உயரம் மாத்துற சஸ்பென்ஷன்), முன்பக்கம் தடிமனான ஆன்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற கம்பி) எல்லாம் போட்டாச்சு. இப்போ டைனோ ஷீட்ல (பவர் அளக்குற மெஷின் ரிப்போர்ட்) 138 குதிரை, 235 நியூட்டன் மீட்டர். நேர் ரோட்டுல குறையே இல்ல. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏற்காடு ஏறும்போதுதான் தலைவலி. ரெண்டாம் கியர்ல கொண்டை ஊசி திரும்பி பாதி ஆக்சிலரேட்டர் கொடுத்ததுமே உள்பக்க டயர் கிர்ருனு சுத்துது, ஸ்டியரிங் கையை இழுக்குது, வண்டி நகரமாட்டேங்குது. பட்டறையில கேட்டா எல்எஸ்டிதான் (ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம கட்டுப்படுத்துற டிஃபரன்ஷியல்) வழின்னு லட்சத்துக்கு மேல சொல்றாங்க. இத்தனை குதிரைக்கு மேல டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்தவிடுற கியர் செட்) மாத்தணும்னு ஏதாவது கணக்கு இருக்குங்களா?

ரெட்லைன்:
எதுக்கு ப்ரோ லட்சம்? டிஃபரன்ஷியலைப் பிரிச்சு உள்ள வெல்டு அடிச்சுட்டா ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தும்.

சங்ககிரி லாரி:
வெல்டு தம்பி, அந்த யோசனைய நீங்களே வெச்சுக்குங்க. ஒரு முழு கொண்டை ஊசி திரும்பினா வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட நாலரை மீட்டர் அதிகமா ஓடியாகணும். ரெண்டு டயருக்கு நடுவுல உள்ள அகலத்தை 3.14-ஆல பெருக்கிப் பாருங்க, வளைவு சின்னதோ பெருசோ கணக்கு மாறாது. ஏற்காட்டுக்கு 20 வளைவு. அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் தாங்கலேன்னா டயரோ ஷாஃப்டோதான் தாங்கணும். எங்க லாரியில ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டுற டிஃப் லாக் இருக்கு, சேத்துல மாட்டினா மட்டும் போடுவோம். மறந்துபோய் தார் ரோட்டுல திருப்புனவன் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு அழுதிருக்கான்.

அஸ்தம்பட்டித் தம்பிக்கு: குதிரைக் கணக்கெல்லாம் இல்லைங்க, ரோட்டுல கோடு பாருங்க. கறுப்புக் கோடு உள்பக்கம் ஒண்ணு மட்டும்னா டிஃபரன்ஷியல் விவகாரம். ரெண்டு கோடுன்னா டயருக்கே பிடிப்பு பத்தல, எல்எஸ்டி போட்டாலும் காசு தண்டம். அப்புறம், காலைல முதல் பஸ் இறங்குற ரோடு அது. பாத்து.

அஸ்தம்பட்டிக்காரன்:
11-ஆவது வளைவுல இறங்கிப் பார்த்தேன்ணா. உள்பக்கம் ஒரே கோடு, ஒரு முழம் நீளம்.

செட்டிபாளையம் பிட்:
அப்படின்னா சந்தேகமே இல்ல, உள்சக்கரத்து மேல பாரம் இல்ல. சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கமும் ஒரே முறுக்கு விசைதான் கொடுக்கும். லேசா நிக்கிற சக்கரம் எவ்வளவு தாங்குதோ, அவ்வளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் போகும். ஆனா அந்தச் சக்கரம் ஏன் லேசா நிக்குது? முன்பக்கத் தடி பார்தாங்க உள்சக்கரத்தைத் தூக்குது. முன்சக்கர வண்டியில தடி பார் பின்னாடி போடணும். முதல்ல பழைய பாரை மாட்டுங்க, டயர் தேதியப் பாருங்க. பட்டறை இதையெல்லாம் சொல்லியிருக்கணும், சொல்லமாட்டாங்க.

அப்பவும் சுத்தினா எல்எஸ்டி. ரோட்டு வண்டிக்கு ஹெலிக்கல் (பல்சக்கரத்தாலயே வேலை செய்யுற எல்எஸ்டி) போதும், தேய பிளேட் கிடையாது. சக்கரம் முழுசா அந்தரத்துல நின்னா மட்டும் அதுவும் கைவிட்டுடும். பிளேட் டைப் (உரசுற தகடு வெச்ச எல்எஸ்டி) அப்பவும் இழுக்கும், ஆனா தேயும், சத்தம் போடும். உங்க வண்டியில கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில்தான், தேயுற தூள் எல்லாம் அதுலயேதான் சுத்தும்.

எப்படியும் கியர்பாக்ஸ் இறக்கித்தான் போடணும். அதனால கிளட்ச் மாத்துற அன்னைக்கே போட்டா கூலி ஒரு தடவையோட போச்சு. நாலாம் கியர்ல 2000 ஆர்பிஎம்-ல முழுசா அழுத்திப் பாருங்க. ஆர்பிஎம் முள் எகிறி வேகம் ஏறலேன்னா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம், அந்த நாள் வந்தாச்சு.

அஸ்தம்பட்டிக்காரன் (மூணு வாரம் கழிச்சு):
டயர்ல 2217-னு இருந்துச்சு, 2017-ல 22-ஆவது வாரம்! செகண்ட்ஹேண்ட் அலாய் வாங்கினப்போ கூடவே வந்தது. பட்டன் (டயர் மேல உள்ள மேடு) நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன், ரப்பர் நகம் பதியாத அளவுக்குக் கல்லாகிக் கிடக்கு. புது டயர், பழைய பார் ரெண்டும் போட்டாச்சு. முக்கால் ஆக்சிலரேட்டர் வரைக்கும் இப்போ சத்தமே இல்ல, ஈரத்துல மட்டும் கொஞ்சம் சுத்துது. ஆனா நாலாம் கியர்ல முள் எகிறுது. ஆக, கியர்பாக்ஸ் இறங்கத்தான் போகுது. ஹெலிக்கலுக்குச் சொல்லிட்டேன்.

சங்ககிரி லாரி:
இறக்கும்போது பழைய ஆயிலை வெள்ளைத் துணியில வடிச்சுப் பாருங்க தம்பி. மை மாதிரி தூள்னா கவலை இல்ல. இரும்புச் சில்லு வந்தா மூடறதுக்கு முன்னாடி போட்டோ போடுங்க.