பிக் பேண்ட் ஜாஸ்: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்களேன்

திரி தொடங்கியவர்:

பிக் பேண்ட் எனப்படும் பெரிய ஜாஸ் குழுக்களை நடத்தியவர்களில் டியூக் எலிங்டன் 1974-இல் காலமானார், கவுன்ட் பேஸி 1984-இல். அவர்கள் போட்ட உருப்படிகளை இன்றைக்கும் யாராவது எங்காவது மேடையேற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யூடியூப் சுட்டி வேண்டாம், அது எல்லோரிடமும் குவிந்து கிடக்கிறது. நேரில் கேட்டது, பக்கத்தில் நின்று பார்த்தது, வீட்டுப் பிள்ளைகள் வாசித்தது, எதுவானாலும் எழுதுங்கள்.

டிரம்போன் அப்பா (சியாட்டில்):

என் மகள் பள்ளி ஜாஸ் பேண்டில் டிரம்போன் (நீட்டி இழுத்து ஊதும் பித்தளைக் குழல்) வாசிக்கிறாள். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, "அப்பா, ஹார்டுவேர் கடைக்குப் போகணும், பிளஞ்சர் வேணும்" என்றாள். பாத்ரூம்தான் அடைத்துக்கொண்டதாக்கும் என்று கிளம்பினேன். கடையில் ஒவ்வொன்றாக எடுத்து ரப்பரை அமுக்கிப் பார்க்கிறாள். குழல்வாய்க்குப் பொருந்த வேண்டுமாம், ரொம்ப விறைப்பாகவும் இருக்கக் கூடாதாம். வீட்டுக்கு வந்ததும் கட்டையைத் திருகிக் கழற்றிப் போட்டுவிட்டு, ரப்பர் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக் குழல்வாயை மூடி மூடித் திறந்தாள். குழலுக்குள் சின்னதாக இன்னொரு மியூட் (சத்தத்தை அடக்கும் அடைப்பான்) செருகியிருக்கும். தொண்டையில் உறுமிக்கொண்டே ஊதவும் வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் மனிதக் குரல் மாதிரி அந்தச் சத்தம் வரும்.

அவர்களுக்குக் கொடுத்திருந்த உருப்படி 'பிளாக் அண்ட் டேன் ஃபேன்டஸி'. 1927-இல் எலிங்டனும் அவருடைய டிரம்பெட்காரர் பப்பர் மைலியும் சேர்ந்து போட்டது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்து உட்காரும் கிளப்புகளுக்கு அந்தக் காலத்தில் 'பிளாக் அண்ட் டேன்' என்று பெயர். அதே வருஷக் கடைசியில் எலிங்டன் குழு வாசிக்கப் போன நியூயார்க் ஹார்லெம் காட்டன் கிளப்பிலோ மேடையில் இருந்தவர்கள் கறுப்பர்கள், காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள். பாட்டின் முடிவில் இசையமைப்பாளர் ஷோபானின் சவ ஊர்வல இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செருகியிருப்பார்கள். அது நக்கலா துக்கமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழக, "உள்ள யாருடா அழறது?" என்று கேட்டார். டிரம்போனில் இந்த வித்தைக்குப் பெயர் போன டிரிக்கி சாம் நான்டன் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பார்ட்ஸ், அதாவது அவரவர் வாசிக்க வேண்டிய ஸ்வரத் தாள்கள், எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். நியூயார்க் லிங்கன் சென்டரில் டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ் நடத்தும் ஜாஸ் அமைப்பு 1990-களின் நடுவில் 'எசென்ஷியலி எலிங்டன்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பழைய இசைத்தட்டுகளைக் காதால் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரம் பிரித்து எழுதி, பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். மே மாதம் நியூயார்க்கில் போட்டி. எங்கள் ஊர் கார்ஃபீல்டு, ரூஸ்வெல்ட் பள்ளிகள் இரண்டுமே அங்கே பலமுறை ஜெயித்தவை. கார்ஃபீல்டு, இசையமைப்பாளர் க்வின்ஸி ஜோன்ஸ் படித்த பள்ளி. என் மகளின் பள்ளி அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தாள் அதே தாள்தான்.

திங்கட்கிழமைக்காரன் (நியூ ஜெர்சி):

நான் எழுத வருவது வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பைப் பற்றி. மன்ஹாட்டனில் செவன்த் அவென்யூவில் மேலே சிவப்புத் துணிக்கூரை போட்ட ஒரு கதவு, அதற்குள் செங்குத்தாக இறங்கும் படிக்கட்டு, கீழே ஆப்பு வடிவத்தில் ஒரு நிலவறை. 1935-இல் திறந்தது. 120 பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம், அவ்வளவுதான். அந்த இடத்தில் 16 பேர் கொண்ட முழுப் பேண்ட் திங்கட்கிழமைதோறும் வாசிக்கிறது. கொரோனாக் காலத்தை விட்டுவிட்டால் 1966 பிப்ரவரியிலிருந்து இதுதான் வழக்கம்.

தொடங்கியவர்கள் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ். தாட், பேஸியின் டிரம்பெட் வரிசையில் இருந்தவர். பேஸிக்காக ஒரு ஆல்பத்துக்கு எழுதிக் கொடுத்தார். பேஸி "இது எங்கள் பாணி இல்லை" என்று திருப்பிவிட்டார். அந்தத் தாள்களை வைத்துத்தான் புதுக் குழுவே ஆரம்பமானது. வாரம் முழுக்க ஸ்டூடியோவிலும் பிராட்வேயிலும் பிழைப்புக்கு வாசித்தவர்கள் திங்கள் ராத்திரி தங்கள் ஆசைக்கு வாசிக்க வந்தார்கள். தாட் பேண்டை விட்டுப் போனார், 1990-இல் மெல் லூயிஸ் இறந்துபோனார். பேண்ட் நிற்கவில்லை. இப்போது அது வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா.

முன்வரிசையில் உட்கார்ந்தால் டிரம்போன் ஸ்லைடு நம் காபிக் கோப்பை மேலேயே வந்து போகும். சாக்ஸஃபோன் வாசிப்பவர் மூச்சு இழுப்பது காதில் விழும். ஜாஸ் என்றால் ஓட்டல் லாபியில் மெல்ல ஓடும் சமாச்சாரம் என்று சொல்லிக்கொண்டிருந்த நண்பனைக் கூட்டிப்போனேன். முதல் பாட்டில் மொத்தப் பேண்டும் ஒரே நேரத்தில் எடுத்தபோது நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

எனக்கு ஒரு கருத்து உண்டு, சண்டைக்கு வராதீர்கள். தலைவர் செத்த பிறகு அவர் பெயரில் ஊர் ஊராகப் போகும் பேண்டுகளை 'கோஸ்ட் பேண்ட்' என்பார்கள். அதில் ஒன்றைக் கேட்டேன், பெயர் வேண்டாம். 1940-இல் யாரோ அந்த நொடியில் கற்பனையாக வாசித்த சோலோவை (தனி வாசிப்பை) ஸ்வரம் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

கிதார் ரசிகை (சிகாகோ):

சண்டைக்கு வரவில்லை அண்ணா, ஆனால் பேஸி பேண்டை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது 1984-க்குப் பிறகும் ஓடுகிறது, 2024-இல்கூட ஒரு கிராமி வாங்கியது. நான் கேட்டபோது 'லில் டார்லின்' எடுத்தார்கள். நீல் ஹெஃப்டி கொஞ்சம் வேகமான தாளகதியில் எழுதிக் கொடுத்ததை பேஸி பிடித்து இழுத்து நிதானப்படுத்தினார் என்பது பலரும் சொல்லும் கதை. அந்த நிதானத்தில் அத்தனை பேர் ஒருவரையொருவர் முந்தாமல் வாசிப்பது லேசு இல்லை.

என் கண் முழுக்க ரிதம் கிதார்மேல்தான். 1937 முதல் 1987-இல் சாகும்வரை அந்த நாற்காலி ஃப்ரெடி கிரீனுடையது. ஆம்ப்ளிஃபையர் கிடையாது, சோலோவும் அநேகமாகக் கிடையாது. ஒரு தாளச் சுற்றுக்கு நாலு தட்டு, அவ்வளவுதான். தனியாகத் தேடினால் காதில் விழாது. ஆனால் பேண்ட் மொத்தமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆவணக்காரி (வாஷிங்டன்):

டிரம்போன் அப்பா எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. எலிங்டனின் காகிதங்கள் 1988-இல் இங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் போனால் பார்க்கலாம். நான் படிப்பு சம்பந்தமாகப் போனேன்.

வழக்கமாகப் பேண்ட் தாளில் 'முதல் ஆல்ட்டோ', 'இரண்டாம் டிரம்போன்' என்றுதான் போட்டிருக்கும். இங்கே பல தாள்களின் தலையில் ஆள் பெயர். 'டிரிக்கி' என்றால் நான்டன். 'ராப்' என்றால் ஆல்ட்டோ சாக்ஸ் ஜானி ஹாட்ஜஸ், பட்டப்பெயர் ராபிட். 'கூட்டி' என்றால் டிரம்பெட் கூட்டி வில்லியம்ஸ். வாத்தியத்துக்கு எழுதாமல் ஆளுக்கு எழுதியிருக்கிறார் மனிதர். பாரிடோன் சாக்ஸ் ஹாரி கார்னி 1927-இல் சேர்ந்து கடைசிவரை இருந்தவர். எலிங்டன் போன அதே 1974-இல், சில மாதம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். ஹாட்ஜஸ் 1951-இல் விலகி 1955-இல்தான் திரும்பினார். அந்த நாலு வருஷம் பேண்ட் தடுமாறியதில் ஆச்சரியமே இல்லை.

எலிங்டனோடு சேர்ந்து இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்னின் கையெழுத்தும் அதே பெட்டிகளில் இருக்கிறது. எது எலிங்டன் எழுதியது, எது இவர் எழுதியது என்று பிற்பாடு பிரித்தறிய அதுதான் உதவியது. பேண்டின் அடையாளப் பாட்டான 'டேக் தி ஏ ட்ரெய்ன்' ஸ்ட்ரேஹார்ன் போட்டது. தன் வீட்டுக்கு வர எலிங்டன் சொன்ன வழியிலிருந்து பிறந்தது. 1941-இல் உரிமைத்தொகைத் தகராறில் எலிங்டனின் பாட்டுகளை ரேடியோவில் போட முடியாமல் போனபோது இவர் எழுதியவைதான் கைகொடுத்தன. இருந்தும் உலகம் எலிங்டன் பெயரைத்தான் சொன்னது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கனடா அக்கா (டொரொன்டோ):

எங்கட பெரியப்பா 1963-இல கொழும்பில எலிங்டன்ட பேண்டைக் கேட்டவர். அமெரிக்க அரசாங்கம் அனுப்பின இசைப் பயணம் அது. டமாஸ்கஸில தொடங்கி, காபூல், டில்லி, மெட்ராஸ், பம்பாய், இலங்கை எண்டு வந்தவை. நவம்பரில அங்காராவில நிக்கேக்க கென்னடியைச் சுட்டிட்டாங்கள் எண்டு செய்தி வர, மிச்சத்தை ரத்துச் செய்துபோட்டினம். பெரியப்பாவுக்கு ஜாஸ் ஒண்டும் விளங்காது. "அந்த வெக்கையில கோட் சூட்டோட நிண்டு வாசிச்சவை" எண்டுதான் எப்பவும் சொல்லுவார்.

அதே வருஷம் செப்டெம்பரில அமெரிக்காவில, அலபாமாவில பர்மிங்ஹாம் தேவாலயத்தில குண்டு வச்சு நாலு கறுப்புப் பிள்ளையளைக் கொன்றவங்கள். அமெரிக்காவின்ட பெருமையைக் காட்டப் போன மனுசனிட்டப் போற இடமெல்லாம் நிறவெறியைப் பற்றித்தான் பத்திரிகைக்காரர் கேட்டிருக்கினம். அவையின்ட இசையைக் கேக்கிற நேரம் இதையும் நினைக்க வேணும்.

அந்தப் பயணத்தை வச்சு வந்ததுதான் 'ஃபார் ஈஸ்ட் சூட்'. இங்க ஒரு மாணவர் பேண்ட் அதில 'இஸ்ஃபஹான்' வாசிக்கக் கேட்டனான். ஹாட்ஜஸின்ட இடத்தில ஒரு மெலிஞ்ச பெடியன். ஹாட்ஜஸ் மாதிரி இழைக்க அவனால ஏலேல்லை, அவனும் அதுக்கு முயற்சிக்கேல்லை. எனக்கு அது பிடிச்சுது.

திரி தொடங்கியவர்:

புலிட்சர் பரிசுக் கதையை யாரும் எடுக்கவில்லையே? 1965-இல் நடுவர்கள் எலிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு கொடுக்கச் சொன்னார்கள், பரிசை முடிவு செய்யும் குழு மறுத்தது, நடுவர்களில் இருவர் ராஜினாமா செய்தார்கள். 66 வயது எலிங்டன், தான் ரொம்பச் சின்ன வயதில் புகழ்பெற்றுவிடக் கூடாது என்று விதி கருணை காட்டுகிறது என்றார். 1999-இல், நூற்றாண்டுக்கு, கொடுத்தார்கள்.

திங்கட்கிழமைக்காரரே, ஜூலையில் நியூயார்க் வருகிறேன். எந்த செட்டுக்கு வரட்டும்?

திங்கட்கிழமைக்காரன் (நியூ ஜெர்சி):

8 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு ஒன்று. பத்து மணிக்கு வாருங்கள், அதற்குள் வாசிப்பவர்களுக்குச் சூடு ஏறியிருக்கும். டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். காது கூசும் என்றால் பின்சுவர்ப் பக்கம் உட்காரலாம், முன்வரிசையை எனக்கு விட்டுவிடுங்கள்.