பழைய புத்தகம் பொறுக்கி விற்பவர்களின் அனுபவக் குறிப்புகள்: அலமாரி முன்னால் நின்று பார்க்க வேண்டியவை

நன்கொடையாக வந்த பொருள்களை விற்கும் கடையில், விலை பார்க்கப் புத்தகத்தின் பார்கோடைப் போனில் புதிதாக ஸ்கேன் செய்ய ஆரம்பிப்பவர்கள் ஏமாறும் முதல் இடம், திரையில் தெரியும் விலை. அது யாரோ கேட்கிற விலைதான். அந்த விலைக்கு விற்றதா என்பது வேறு கேள்வி. ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். அமேசானில் விற்பனை வரிசை எண் பாருங்கள். எண் சிறிதென்றால் நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்த எண்ணும் அந்த நேரத்து நிலவரம் மட்டுமே. மாதக்கணக்கில் தூங்கிய புத்தகம் ஒரே ஒரு பிரதி விற்றாலும் பல லட்சம் இடம் தாவி முன்னால் வந்துவிடும். அமேசான் வரிசை எண்ணின் பழைய நிலவரத்தைக் காட்டும் கீப்பா தளத்தின் வரைபடத்தில் ஆறு மாதக் கோட்டைப் பார்த்து, அது எத்தனை முறை சடாரென்று இறங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஓர் இறக்கம் ஏறக்குறைய ஒரு விற்பனை. நன்றாக ஓடும் புத்தகத்தில் இறக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அங்கே எண்ண வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு கழித்தல் கணக்கு: தளத்தின் கமிஷன், அஞ்சல், அட்டைப்பெட்டி, வாங்கிய விலை. உதை விழுவது பெரும்பாலும் அஞ்சலில். 300 பக்க சாதா அட்டைப் புத்தகம் 300 முதல் 400 கிராம் வரும். வழவழப்புத் தாளில் அச்சான ஓவியப் புத்தகம் தனியாகவே 2 கிலோவைத் தாண்டும்.

*

பார்கோடு இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லோரும் போனைக் காட்டிவிட்டுப் போன பிறகு அலமாரியில் மிஞ்சுவது பார்கோடு இல்லாததுதான். நல்ல சரக்கு அங்கேதான் கிடக்கும்.

ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் 1970இல் 10 இலக்கத்தோடு சர்வதேசத் தரமானது; 2007 ஜனவரியிலிருந்து 13 இலக்கம். 10 இலக்கத்துக்கும் முந்தைய 9 இலக்க எண் கண்ணில் பட்டால் முன்னால் ஒரு 0 சேர்த்துத் தேடுங்கள். 10 இலக்கத்தின் கடைசியில் 'எக்ஸ்' இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம், அது 10 என்ற சோதனை இலக்கம். பழைய எண்ணுக்கு முன்னால் 978 ஒட்டினால் மட்டும் 13 இலக்க எண் ஆகிவிடாது. கடைசி இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த வேலை எதற்கு, பழைய எண்ணையே தேடுபெட்டியில் அடியுங்கள்.

பழைய அமெரிக்கப் பாக்கெட் நாவல்களில் பின்னட்டையில் இருப்பது பெரும்பாலும் கடைக்கான பார்கோடு, ஐ.எஸ்.பி.என். பார்கோடு முன்னட்டையின் உள்பக்கம் இருக்கும். தொகுதி நூல்களில் இன்னொரு பொறி. பதிப்புரிமைப் பக்கத்தில் முழுத் தொகுப்புக்கு ஒரு எண், தனித் தொகுதிக்கு ஒரு எண் என்று இரண்டு அச்சாகியிருக்கும். தொகுப்பின் எண்ணை அடித்துவிட்டு ஒற்றைத் தொகுதியை அந்த விலைக்குப் போட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அஞ்சல் செலவும் உங்கள் தலையில்.

*

முதல் பதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறு அச்சிலும் பொதுவாக அதே ஐ.எஸ்.பி.என். தொடரும், ஸ்கேனருக்கு வித்தியாசம் தெரியாது. பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஓர் எண் வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. சில பதிப்பகங்கள் நடுவில் 1 வைத்து இருபுறமும் எண்களை அடுக்கும், கணக்கு அதேதான். விதிவிலக்கு ராண்டம் ஹவுஸ்: பல ஆண்டுகள் 'முதல் பதிப்பு' என்ற சொல்லோடு 2இல் முடியும் வரிசையையே முதல் அச்சுக்குப் போட்டார்கள். 1 இல்லையே என்று திருப்பி வைத்தால் நஷ்டம்.

முதல் பதிப்பு போலவே தோன்றி ஏமாற்றுவது புத்தகக் கிளப் பதிப்பு, அதாவது கிளப் உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சிட்டது. மேலுறையின் மடிப்பில் விலை இருக்காது. புத்தகம் கொஞ்சம் சின்னது, தாள் மட்டம். மேலுறையைக் கழற்றிப் பின்னட்டையின் கீழ்மூலையைத் தடவிப் பாருங்கள். பல கிளப் பதிப்புகளில் சிறு புள்ளியோ சதுரமோ குழிவாக அழுந்தியிருக்கும். மடிப்பின் மூலை வெட்டப்பட்டிருந்தால் அது பரிசுக்காக விலையை வெட்டியதாகவும் இருக்கலாம், கிளப் பதிப்பை மறைப்பதற்காகவும் இருக்கலாம். அந்தக் குழியைத் தேடுங்கள்.

*

நிலையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முதலில் மூக்கு: புத்தகத்தை நடுவில் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அங்கேயே வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் மற்றவற்றையும் கெடுக்கும். அடுத்து அட்டையும் உடலும் சேரும் இணைப்பு. பிறகு பக்கங்களை விசிறி, கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாடப்புத்தகம் என்றால் முதல் இரண்டு அத்தியாயங்களைக் கட்டாயம் திறக்க வேண்டும். படிப்பவரின் உற்சாகம் மூன்றாவதில் வடிந்துவிடுவதால் மஞ்சள் கோடெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். பாடப்புத்தகத்தோடு வரும், இணையப் பகுதியைத் திறப்பதற்கான குறியீடு சுரண்டப்பட்டிருந்தால் அது செத்த குறியீடு. நூலகப் புத்தகத்தில் முத்திரை, பை, முதுகுச் சீட்டு எல்லாவற்றையும் விவரத்தில் எழுதிவிடுங்கள்.

பழைய நூல் வணிகத்தில் 'குட்' என்றால் தேய்ந்து போனது ஆனால் முழுமையானது என்று அர்த்தம். பொது விற்பனைத் தளத்தில் வாங்குபவர் அந்தச் சொல்லை அப்படியே 'நல்ல நிலை' என்று படிப்பார். சண்டை பாதி இதில்தான் வருகிறது. கறை எத்தனை பக்கத்தில், எங்கே என்று எழுதினால் வராது.

*

விலைச் சீட்டை நகத்தால் உரிக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில நொடி காட்டி, ஓரத்திலிருந்து சாய்வாக இழுங்கள். சூடு கூடினால் லேமினேஷன் குமிழ் விடும். மிச்சப் பசைக்கு, வழவழப்பான அட்டை என்றால் மட்டும், பஞ்சில் ஒரு துளி லைட்டர் திரவம், அதுவும் நெருப்பு இல்லாத காற்றோட்டமான இடத்தில். துணி பைண்டிங்கிலும் மினுமினுப்பு இல்லாத தாளிலும் அது கறையாகும்.

ராமபாணப் பூச்சி சந்தேகம் இருந்தால் பையில் போட்டுக் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் ஈரம் தாளில் படியும். வீட்டு ஃபிரீஸர் அந்தக் குளிருக்குப் போகிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த, கண்ணைப் பறிக்கும் மரகதப் பச்சைத் துணி பைண்டிங் கிடைத்தால் வெறுங்கையால் தேய்த்துத் துடைக்க வேண்டாம். அந்தச் சாயத்தில் ஆர்செனிக் இருக்கக்கூடும். அமெரிக்காவின் வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019இலிருந்து இப்படிப்பட்ட நூல்களைச் சோதித்துப் பட்டியலிட்டு வருகிறது. கையுறை போட்டு ஜிப் பையில் மூடி, விவரத்திலும் சொல்லிவிடுங்கள்.

*

தொடாமலே கடந்து போக வேண்டியவை: பழைய கலைக்களஞ்சியத் தொகுப்பு, சுருக்க நாவல் திரட்டுகள், பதிப்பு மாறிப்போன பாடநூல், அட்டை கிழிக்கப்பட்ட பாக்கெட் நாவல். கடைசியாகச் சொன்னது, விற்காமல் அழித்ததாகப் பதிப்பகத்துக்குக் கணக்குக் காட்டப்பட்ட பிரதி, விற்கக் கூடாது.

பொதி கட்டும்போது முதலில் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் நீண்ட இரண்டு அட்டைத் துண்டுகள். மூலை நசுங்குவது அந்த ஒரு சென்டிமீட்டர் இல்லாததால்தான். ஒட்டிய பிறகு குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.