ஆண்டு விழாவுக்கு மேடையும் ஓவியச் சுவரும்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பள்ளியில் நடனம், ஓவிய வகுப்புகளைக் கவனித்துக்கொள்கிறேன். பிள்ளைகள் செய்ததையெல்லாம் ஆண்டு விழாவில் பெற்றோருக்குக் காட்ட வேண்டும்.

முதலில் மேடை. கிடைத்திருப்பது சிமெண்ட் தரை. வெறுங்காலோடு குதித்து ஆடினால் அதிர்வு முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும்தான் இறங்கும். அடியில் இடைவெளி விட்ட மரத்தளம் போட எங்களுக்கு வசதியில்லை. தற்காலிகமாக எதை விரிக்கலாம்? மெத்தென்ற நுரை விரிப்பு வேண்டாம், சுழலும்போது பாதம் சிக்கிச் சுளுக்கிவிடும். வழுக்கவும் கூடாது. விரித்து ஆடவைத்துப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

அப்புறம் ஓவியங்கள். நீர்வண்ணப் படங்கள் வெயில் பட்டால் மங்கும் என்பதால் உள்சுவரில்தான் மாட்டுகிறோம். போட்டியில் பரிசு வாங்கிய படங்கள் மட்டும் போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடு போடவே தயங்கிய பிள்ளை இப்போது முழுத்தாளையும் நிரப்புகிறது, அதுவும் சாதனைதானே! ஒவ்வொருவரின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே மாட்டலாமா? அல்லது பழையதைக் காட்டினால் பிள்ளைகள் கூச்சப்படுவார்களா? உங்கள் பள்ளிகளில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது.