மருமகனை அண்டர் 17 டிரயலுக்கு அனுப்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சின்னத்துறை_மாமன்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் 2010 நவம்பரில் பிறந்தவன், இப்போது பத்தாம் வகுப்பு. கால்பந்தில் இடதுகால் ஆட்டக்காரன், விங்கில், அதாவது மைதானத்தின் ஓரப் பக்கம், ஆடுவான், ஊர் கிளப்பில் பெரியவர்களோடு சேர்த்தே இறக்குகிறார்கள். அத்தான் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர், போனால் திரும்ப வாரக்கணக்காகும், அதனால் பையன் விஷயத்தில் எந்த முடிவாக இருந்தாலும் அக்கா என்னிடம்தான் கேட்கிறாள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் பக்கம் நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பையனை வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு அகாடமியில் சேர்க்கிறேன், அங்கிருந்து இந்தியா அண்டர் 17 டீமுக்குப் போய்விடலாம், இப்போது உலகக் கோப்பை வருஷா வருஷம் நடக்கிறது, வாய்ப்பு அதிகம் என்றார். முன்பணம் ஒன்றரை லட்சம். அதோடு, பிறந்த வருஷத்தை 2012 என்று மாற்றிக்கொண்டால் இவனை யாராலும் பிடிக்க முடியாது, சர்ட்டிபிகேட் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அன்றிலிருந்து பையன் வீட்டில் இதே பேச்சாக இருக்கிறான், படிப்பில் கவனமே இல்லை. அக்காவுக்குப் பயம். எனக்கும் மனசு ஒப்பவில்லை, ஆனால் என்னால் ஒரு வாய்ப்பு போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது. அண்டர் 17 ஆடினால் உண்மையிலேயே எதிர்காலம் உண்டா? வயதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுப்பார்கள் என்கிறார்களே, அது எப்படி?

தோப்பும்படி_போட்டுக்காரன்

தம்பி, நானும் நம்ம கரைக்காரன்தான், தொழில் கொச்சி ஹார்பரில். 2017இல் அண்டர் 17 உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய ஆட்டம் கலூர் ஸ்டேடியத்தில், அக்டோபர் 7. கரையில் நின்ற நம்ம ஆட்கள் கூட்டமாகப் போனோம். பிரேசிலின் வினீசியஸைப் பார்க்கலாம் என்று பலருக்கும் ஆசை, ஆனால் ஃபிளமெங்கோ கிளப் அவனை அனுப்பவில்லை. பிரேசில் ஒரு கோல் வாங்கிவிட்டுத் திரும்ப வந்து 2-1 என்று ஜெயித்தது.

நான் சொல்ல வந்தது ஸ்கோரை இல்லை. அந்தப் பதினாறு வயதுப் பையன்கள் பந்து வருவதற்கு முன்னாலேயே இரண்டு தோள் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். பந்து காலுக்கு வரும்போது அடுத்து யாருக்கு என்று முடிவாகியிருக்கும், உடம்பு அதற்குத் தகுந்த மாதிரி பாதி திரும்பி நிற்கும். நம்ம பிள்ளைகள் மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவர்கள், பந்தைக் காலிலேயே வைத்திருப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, செவன்ஸில் நாலு பேரை வெட்டிவிட்டுப் போனால் கரையே எழுந்து நிற்கும். ஆனால் பதினோரு பேர் ஆட்டத்தில், பெரிய புல்தரையில், நாலு பேரை வெட்டுவதற்குள் எதிரணி ஒழுங்காக வந்து நின்றுகொள்ளும். உங்கள் பையன் பெரிய மைதானத்தில் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான்? முதலில் அதைப் பாருங்கள். வெளியூர்க்காரர் செவன்ஸை மட்டும் பார்த்துவிட்டு இந்தியா டீம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பி.இ.டி._குளச்சல்

சார், நான் உடற்கல்வி ஆசிரியர். முதலில் வயது விஷயம், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. அந்த ஆளிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

2009இல் நைஜீரியாவில் நடந்த போட்டியிலிருந்தே ஃபிஃபா அண்டர் 17க்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வைத்திருக்கிறது. இடது மணிக்கட்டை எடுப்பார்கள். முன்கை எலும்பு மணிக்கட்டில் முடியும் இடத்தில் வளர்ச்சிக்கான குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு, வளரும் வயதில் அது திறந்திருக்கும், வயது ஏற ஏற மூடிக்கொண்டே வரும். அதை ஆறு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது நிலை, அதாவது முழுக்க மூடிவிட்டது என்றால், பதினேழைத் தாண்டிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். கையில் எந்தச் சர்ட்டிபிகேட் இருந்தாலும் அங்கே செல்லாது. 2012இல் பிறந்தவன் என்று காட்டினால் உங்கள் மருமகன் 2029 போட்டிக்கான வயதுக்குழுவில் வருவான். அப்போது அவனுக்கு நிஜமாகவே பதினெட்டு முடிந்து பத்தொன்பது நெருங்கும். அந்த மணிக்கட்டு என்ன சொல்லும் என்று நீங்களே யோசியுங்கள்.

காகிதத்திலும் இது நிற்காது. பங்குக் கோவிலில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கும், ஆஸ்பத்திரிப் பதிவு, ஆதார், பள்ளி ரெக்கார்டு எல்லாவற்றிலும் 2010 என்றுதான் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுக்கும். பையனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வருகிற தேதிதான் வாழ்நாள் முழுக்க அவனோடு வரப்போகிறது, பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அதுதான். மெக்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள், 1988இல் இளையோர் தகுதிப் போட்டியில் வயது கூடியவர்களை இறக்கினார்கள் என்று நாட்டுக்கே இரண்டு வருஷம் தடை, 1990 உலகக் கோப்பைக்குப் பெரியவர்கள் அணிகூடப் போக முடியவில்லை. சில பேரின் தேதியைத் திருத்தியதற்கு ஒரு நாடே வெளியே உட்கார்ந்தது.

அடுத்தது, அவன் நவம்பரில் பிறந்திருக்கிறான், இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கணக்கு எப்போதும் ஜனவரி 1இலிருந்து. 2025 போட்டிக்கு 2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி, அப்படிப் பார்த்தால் 2010இல் பிறந்தவர்களின் வருஷம் 2027. அதே 2010இல் ஜனவரியில் பிறந்தவன் உங்கள் பையனைவிடப் பத்து மாதம் மூத்தவன், பதினைந்து வயதில் அது உயரத்திலும் எடையிலும் அப்படியே தெரியும். டிரயலில் நிற்கிறவர் கண்ணுக்கு உடம்புதான் முதலில் படும். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள்தான் அதிகம், இதை நிறைய பேர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே இப்போது ஒரு டிரயலில் தள்ளிவிட்டார்கள் என்றால் அவன் ஆட்டம் மோசம் என்று அர்த்தமில்லை, அதை அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தேதியைத் திருத்தச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறார்கள்.

இந்தியா உலகக் கோப்பைக்குப் போகுமா என்றால், 2017இல் ஆடியது போட்டியை நாம் நடத்தியதால். 2025 வரை ஆடித் தகுதி பெற்று ஒருமுறைகூடப் போனதில்லை. 2018இல் மலேசியாவில் நடந்த ஆசிய அண்டர் 16 போட்டியில் காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்றார்கள், அதை ஜெயித்திருந்தால் போயிருப்போம். அந்தப் போட்டி முழுவதிலும் நம் பையன்கள் வாங்கியது அந்த ஒரே கோல்தான், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்று கோச்சாக இருந்த பிபியானோ பெர்னாண்டஸ்தான் 2025இலும் இந்த வயதுக்குழுவைப் பார்த்தார். 2025 நவம்பர் கடைசியில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போயிருக்கிறோம். உலகக் கோப்பையில் இப்போது 24 இல்லை, 48 அணிகள், ஆகவே கதவு கொஞ்சம் அகலமாகியிருக்கிறது என்பது உண்மை.

பழைய_விடுதி_மாணவன்

அண்ணா, நான் ஒரு தனியார் அகாடமியில் இருந்தவன், பெயர் வேண்டாம். சேர்க்கும்போது பள்ளிக்கூடம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்கள், போன பிறகு வகுப்புக்கு அனுப்பவே இல்லை. முட்டி திருகியபோது ஸ்கேன் செலவு எங்கள் அப்பா தலையில். போகிற இடத்தில் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பள்ளியில் சேர்க்கிறார்கள், அடிபட்டால் யார் செலவு, எந்தப் போட்டிகளில் ஆட விடுகிறார்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

2017 டீமையே பாருங்கள். 21 பேர், அதில் 8 பேர் மணிப்பூர். கொலம்பியாவுக்கு எதிராக 82வது நிமிஷம் ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டதுதான் ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல், டெல்லி ஸ்டேடியம் அதிர்ந்தது, அடுத்த நிமிஷமே கொலம்பியா போட்டு 2-1 ஆக்கிவிட்டது. ஜீக்சனும் சுரேஷ் சிங்கும் பெரியவர்கள் அணி வரை வந்தார்கள். ஆனால் அந்த 21 பேரில் எத்தனை பேரை இன்று உங்களுக்குத் தெரியும்? வெளிநாட்டிலும் இதுதான். 2007 அண்டர் 17 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் டோனி குரூஸ், 2015இல் 10 கோல் போட்டது ஒசிமென், 2017இல் ஃபோடன், இவர்களையெல்லாம் உலகத்துக்கே தெரியும். 1991இல் அதே விருதை வாங்கிய கானாவின் லாம்ப்டேயை அடுத்த பெலே என்றார்கள், அந்த உயரத்துக்கு அவர் வரவில்லை. மெஸ்ஸி அண்டர் 17 உலகக் கோப்பை ஆடியதே கிடையாது.

தோப்பும்படி_போட்டுக்காரன்

மெஸ்ஸி வரை எதற்கு மக்கா, நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருக்கிறாரே. சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், இந்தியா ஜெர்சி போட்டபோது வயது 24. அதுவும் இடதுகால்தான். உங்கள் பையனுக்கு அவர் ஆட்ட வீடியோவைப் போட்டுக்காட்டுங்கள், பதினேழோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணம் போகும்.

சின்னத்துறை_மாமன்

எல்லோருக்கும் நன்றி. அந்த ஆளுக்கு வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் ஸ்கேன் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கே பாதி பயம் தெளிந்துவிட்டது. பையனிடம் இன்னும் பேசவில்லை, கோபப்படுவான். பி.இ.டி. சார், அப்படியென்றால் இப்போதைக்கு என்ன செய்வது? பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பி.இ.டி._குளச்சல்

பரீட்சை முடியட்டும் சார். அதுவரை காலையில் முக்கால் மணி நேரம் பந்து போதும், வலதுகாலில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இடதுகாலை எல்லோரும் அடைத்துவிடுவார்கள், அப்போது அவனிடம் வேறு வழி இருக்க வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு வழக்கமாகக் கோடையில் தேர்வு வைப்பார்கள், பிளஸ் ஒன் சேருகிற பையன்களும் போகலாம், தங்குமிடமும் சாப்பாடும் அரசு செலவு. அறிவிப்பு வந்ததா என்று நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளி அணியில் இருந்தால் சுப்ரதோ கோப்பை வழியாகவும் மேலே போகலாம், டெல்லி வரை போகிற போட்டி அது, ஆட்டம் பதினோரு பேர் ஆட்டம். நாட்டின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். தொடங்குமா தொடங்காதா என்று 2025இல் பெரிய ஆட்டக்காரர்களே மாதக்கணக்கில் சும்மா இருந்தார்கள், அதனால் பிளஸ் ஒன்னை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

பையனுக்குக் கோபம் வந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நானே பேசுகிறேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள், எங்கள் பள்ளி மைதானத்தில் பதினோரு பேர் ஆட்டத்தில் முழு 90 நிமிஷம் இறக்கிப் பார்ப்போம். பூட்ஸ் இல்லையென்றால் அளவைச் சொல்லுங்கள், இங்கே பசங்களிடம் இருக்கும்.